மோன்ஸா காட்டுக்குள் நிற்கும் சரிந்த ரோடு: கட்டியது ஏன், கைவிட்டது ஏன்?

ஊர்சுற்றி எழுதியது:

வேலை விஷயமாக மிலான் வந்து ஐந்து மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அறையில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் ரயிலேறி, பூங்காவுக்குள்ளேயே கார் ரேஸ் டிராக் இருக்கும் பக்கத்து ஊர் மோன்ஸாவுக்குப் போனேன். ரேஸ் எதுவும் இல்லாத நாள். பூங்கா முழுக்க சைக்கிள்காரர்களும் நாயோடு வந்தவர்களும்தான். டிராக் பக்கமாக நடந்துகொண்டிருந்தபோது மரங்களுக்கு நடுவே நீளமாக ஒரு கான்கிரீட் சுவர் தெரிந்தது. பழைய அணைக்கட்டு ஏதாவது இருக்குமோ என்று கிட்டே போனால் அது சுவரே இல்லை, ரோடு! கிண்ணத்தின் உட்பக்கம் மாதிரி வளைந்து மேலே ஏறுகிறது. ஏறிப் பார்க்கலாம் என்று பாதி தூரம் போனேன், ஷூ வழுக்கிவிட்டது, அதற்கு மேல் கையை ஊன்றாமல் நிற்கவே முடியவில்லை. இதில் கார் ஓட்டினார்களா என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆபீசில் ஒரு இத்தாலிக்காரரிடம் கேட்டேன். "1961-ல் அங்கே பெரிய விபத்து, நிறைய பேர் செத்தார்கள், அதனால் மூடிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது போதவில்லை. இவ்வளவு செங்குத்தாக ரோடு போடவேண்டும் என்று யாருக்கு, ஏன் தோன்றியது? விபத்துதான் காரணமா? மூடியதென்றால் இத்தனை வருடமாக இடிக்காமல் ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள்? எஃப்1 (ஃபார்முலா 1) கார் ரேஸை நான் பத்து வருடமாகத்தான் பார்க்கிறேன், பழைய கதை தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

---

பழைய பேப்பர் எழுதியது:

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. 1961 விபத்து நடந்தது உண்மை. ஆனால் அது நடந்த இடம் நீங்கள் ஏறி வழுக்கிய இடம் அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன், முதலிலிருந்து வருவோம்.

அந்தப் பூங்கா நெப்போலியன் காலத்தது. அவருடைய வளர்ப்பு மகன் யூஜின் இத்தாலியில் வைஸ்ராயாக இருந்தபோது 1805-ல் ஆரம்பித்த வேலை. சுற்றிலும் மதில், நடுவில் அரண்மனை, ராஜ குடும்பத்தின் கோடைவாசம். 1900-ல் ராஜா உம்பெர்ட்டோவை அதே மோன்ஸாவில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதோடு ராஜ குடும்பத்துக்கு அந்த ஊர் கசந்துவிட்டது, இடம் சும்மா கிடந்தது. 1922-ல் மிலான் ஆட்டோமொபைல் கிளப் தன் 25-வது ஆண்டைக் கொண்டாட அங்கே ஒரு ரேஸ் டிராக் கட்ட முடிவு செய்தது.

அடிக்கல் நாட்டியதும் எதிர்ப்பு கிளம்பியது. பழம்பெரும் பூங்கா, மரத்தை வெட்டக்கூடாது என்று. வேலை நின்றுபோனது. திட்டத்தைச் சுருக்கிய பிறகு மே மாதம் மறுபடி தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடித்துவிட்டார்கள். 3,500 ஆட்கள், பொருள் ஏற்றி இறக்க டிராக்குக்குள்ளேயே தற்காலிகமாக ஒரு சின்ன ரயில் பாதை, மொத்தம் 110 நாள். செப்டம்பரில் முதல் ரேஸ். அதற்கு முன்னால் கார் ரேஸுக்கென்றே கட்டிய பெரிய டிராக் என்று பார்த்தால் இங்கிலாந்தில் ப்ரூக்லண்ட்ஸ் (1907), அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் (1909), அவ்வளவுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஆரம்பத்திலிருந்தே அது இரட்டை டிராக். ஐந்தரை கிலோமீட்டருக்கு சாதாரண ரோடு மாதிரி ஒரு டிராக், நாலரை கிலோமீட்டருக்கு முட்டை வடிவில் ஒரு வேக டிராக். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் 10 கிலோமீட்டர். ஒன்றின் மேல் ஒன்று பாலமாகக் கடக்கும். இன்றைக்கும் லெஸ்மோ வளைவு தாண்டி அஸ்காரி வளைவு பக்கம் போகும் கார்கள் ஒரு பாலத்துக்கு அடியில் நுழைவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாலத்தின் மேல் போவதுதான் பழைய வேக டிராக்.

ஆனால் 1922-ல் கட்டிய வளைவு நீங்கள் பார்த்தது அல்ல. அது லேசாகத்தான் சரிந்திருக்கும். அந்தக் காலத்துக் கார்களுக்கு அந்த டிராக்கே எமன். 1928-ல் மெட்டராஸி என்ற ஓட்டுநரின் கார் நேர் ரோட்டிலிருந்து விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது, அவரும் இருபதுக்கு மேற்பட்ட பார்வையாளர்களும் செத்தார்கள். 1933 செப்டம்பர் 10 இன்னும் மோசம். ஒரே நாள், ஒரே தெற்கு வளைவு, அன்றைய ரேஸ்கள் முடிவதற்குள் கம்பாரி, போர்சாக்கினி, சைகோவ்ஸ்கி என்று மூன்று பெரிய ஓட்டுநர்கள் செத்தார்கள். டிராக்கில் சிந்திய எண்ணெய்தான் காரணம் என்று பேச்சு. கம்பாரி ஒரு பக்கம் ஓபரா பாடகரும்கூட, அன்றோடு ரேஸை விடுவதாக இருந்தவர். இந்த மாதிரி விஷயத்தைப் படித்தால் அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடாது.

பிறகு 1938, 39-ல் அந்தப் பழைய வளைவுகளை இடித்துவிட்டார்கள். யுத்தம் வந்தது. ராணுவ வண்டிகள் ஏறி இறங்கி டிராக் நாசமாகி, சரிசெய்து 1948-ல்தான் மறுபடி ரேஸ் நடந்தது. 1955-ல் பழைய வேக டிராக்கின் தடத்திலேயே நீங்கள் பார்த்த கான்கிரீட் ராட்சசனைக் கட்டினார்கள். மண்ணைக் குவித்து மேலே ரோடு போடவில்லை, தூண்கள் நிறுத்தி அதன்மேல் கட்டியது. அடுத்த தடவை போனால் பின்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பாருங்கள், ஸ்டேடியம் காலரியின் அடியில் நிற்பது மாதிரி இருக்கும்.

ஏன் கட்டினார்கள் என்றால், அது வேக வெறி பிடித்த காலம். உலகத்திலேயே வேகமான டிராக் எங்களிடம்தான் என்று சொல்ல வேண்டும், கார் கம்பெனிகள் வந்து சாதனை ஓட்டம் நடத்த வேண்டும், இவ்வளவுதான் கணக்கு.

---

சோம்பேறி மெக்கானிக் எழுதியது:

பழைய பேப்பர் அண்ணன் வரலாறு சொல்லிவிட்டார், நான் கணக்கு சொல்கிறேன். ஏனென்றால் அந்த டிராக்கைக் கொன்றதில் பெரிய பங்கு கணக்குக்குத்தான்.

பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். புல்லட்டை வேகமாக ஓட்டினால் செங்குத்துப் பலகையிலும் விழாமல் நிற்கும், அதே தத்துவம்தான். மோன்ஸா வளைவு கீழே தட்டையாகத் தொடங்கி மேலே போகப் போகச் செங்குத்தாகும், உச்சியில் 80 சதவீதம் சரிவு. அதாவது பத்து அடி பக்கவாட்டில் போனால் எட்டு அடி ஏறும், கிட்டத்தட்ட 38 டிகிரி. மெதுவாகப் போகிறவன் கீழே போவான், வேகமாகப் போகிறவன் தானாக மேலே ஏறுவான். இண்டியானாபோலிஸில் சரிவு வெறும் 9 டிகிரி சொச்சம், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளைவின் ஆரம் சுமாராக 320 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், உச்சியில் மணிக்கு 180 கிமீ வேகத்தில் போகும்போது டயருக்குப் பக்கவாட்டு வேலையே இல்லை, சரிவே காரைத் திருப்பிவிடும். கேட்க சொகுசாக இருக்கிறதல்லவா? வம்பு அதற்கு மேலே போகும்போதுதான். 280 கிமீ வேகத்தில் அதே கணக்கைப் போட்டால் காரைத் தரையோடு அழுத்தும் விசை அதன் எடையைப் போல இரண்டு மடங்கு ஆகிறது. 700 கிலோ கார் 1,400 கிலோவாக உட்காருகிறது. ஸ்ப்ரிங் முழுக்க அமுங்கிவிடும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு மேடு பள்ளமும் நேராகச் சேஸிஸுக்கும் (காரின் அடிச்சட்டம்) ஓட்டுநரின் முதுகெலும்புக்கும்தான். அந்தக் கான்கிரீட்டோ மகா கரடுமுரடு. மேடு, அமுக்கம், மேடு, அமுக்கம் என்று சுற்றுக்கு இரண்டு வளைவு, ஐம்பது சுற்று. 1955 டயர் இதைத் தாங்குமா?

தாங்கவில்லை. முதல் வருடமே பயிற்சியில் ஃபரினா ஓட்டிய லான்சியாவின் டயர் பிய்ந்து கார் சுழன்றது, அந்தக் கார்களை ரேஸிலிருந்தே விலக்கிக்கொண்டார்கள். அடுத்த வருடம் ஃபெராரி கார்களின் டயர் பட்டை பட்டையாக உரிந்தது. 57 முதல் 59 வரை எஃப்1 அந்தப் பக்கமே போகாமல் ரோடு டிராக்கில் மட்டும் ஓடியது.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. 1957, 58-ல் இண்டியானாபோலிஸ் கார்களையும் ஓட்டுநர்களையும் கப்பலில் வரவழைத்து வேக டிராக்கில் மட்டும் 500 மைல் ரேஸ் வைத்தார்கள். 57-ல் ஜெயித்த ஜிம்மி பிரையனின் சராசரி 257 கிமீ. அதே வருடம் இண்டியானாபோலிஸில் ஜெயித்தவருக்கு 218-தான்! ஐரோப்பிய அணிகளில் முக்கால்வாசி பயந்து ஒதுங்கிவிட்டன. 58-ல் ஸ்டிர்லிங் மாஸ், ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியின் பெயரை எழுதிய மாசெராட்டியில் வந்தார். முழு வேகத்தில் மேலே போய்க்கொண்டிருந்தபோது ஸ்டியரிங் முறிந்துவிட்டது. ஓரத் தடுப்புக் கம்பியை உரசித் தள்ளிக்கொண்டு போய் எப்படியோ பிழைத்தார். மூன்றாவது வருடம் அந்த ரேஸ் நடக்கவில்லை.

1967-ல் போர்ஷா சாதனை ஓட்டத்துக்கு வந்த கதையும் இதே ரகம். கொண்டு வந்த 906 ரேஸ் காரின் சஸ்பென்ஷன் அந்த மேடு பள்ளத்தில் தாங்காமல் போக, அவசரமாக 911ஆர் காரை வரவழைத்து அதில் 20,000 கிமீ ஓட்டினார்கள். சராசரி 209 கிமீ. அசல் ரேஸ் கார் உடைந்த இடத்தில் ரோட்டுக் காரிலிருந்து பிறந்தது ஓடி முடித்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு மிகப் பிடித்த போர்ஷா கதை இதுதான்.

---

பழைய பேப்பர் எழுதியது:

மெக்கானிக் சொன்னது அத்தனையும் சரி. நான் விட்ட இடத்தை முடிக்கிறேன்.

1960-ல் இத்தாலிக்காரர்கள் மறுபடி 10 கிமீ முழு டிராக்கையும் கொண்டுவந்தார்கள். அந்த வருடம் பிரிட்டிஷ் அணிகளின் கார்கள் சின்னவை, இன்ஜின் பின்னால், திருப்பத்தில் பறக்கும். ஃபெராரியில் இன்னும் முன்னால் இன்ஜின், நேர் ரோட்டில் மட்டும்தான் பலம். எந்த டிராக்கை வைத்தால் யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சரிவு வளைவு ஆபத்தானது என்று சொல்லி பிரிட்டிஷ் அணிகள் வரவே இல்லை, ஃபெராரி முதல் மூன்று இடத்தையும் எடுத்துக்கொண்டது. முன்பக்க இன்ஜின் கார் ஜெயித்த கடைசி எஃப்1 கிராண்ட் பிரி அது. எதிராளி வராத களத்தில் வந்த வெற்றி.

1961-லும் முழு டிராக். இரண்டாவது சுற்றில் பாரபோலிகா திருப்பத்தை நோக்கி வேகம் குறைக்கும் இடத்தில் வான் ட்ரிப்ஸின் ஃபெராரியும் ஜிம் கிளார்க்கின் லோட்டஸும் உரசின. ஃபெராரி கரையேறி வேலியோரம் நின்ற மக்கள் மேல் விழுந்தது. வான் ட்ரிப்ஸோடு 15 பார்வையாளர்கள் இறந்தார்கள். பாரபோலிகா ரோடு டிராக்கின் பகுதி. சரிவு வளைவே இல்லாமல் ஓட்டியிருந்தாலும் அதே இடத்தில் அதே விபத்து நடந்திருக்கலாம். ஆனால் பழி சரிவு வளைவின் தலையில் விழுந்தது. எஃப்1 ரேஸ் அதன் மேல் நடந்தது அதுதான் கடைசி. 1963-ல் பயிற்சியில் ஒரு தடவை முயன்றார்கள், கார்கள் உதறிய உதறலைப் பார்த்துவிட்டு ரோடு டிராக்குக்கே திரும்பினார்கள். ஸ்போர்ட்ஸ் கார்களின் 1000 கிமீ ரேஸ் மட்டும் 1969 வரை அங்கே ஓடியது.

---

ஊர்சுற்றி எழுதியது:

ரொம்ப நன்றி இருவருக்கும். அந்த ஐஸ்கிரீம் மாசெராட்டியை நேற்று ராத்திரி படங்களில் தேடிப் பார்த்தேன், முதுகில் ஒரு கவ்பாய் பொம்மை வரைந்திருக்கிறார்கள்!

ஒரு சந்தேகம். சரிவு வளைவை விட்டதும் ஆபத்து தீர்ந்ததா? இப்போதும் மோன்ஸாதானே எல்லாவற்றிலும் வேகமான டிராக்?

---

நாலாவது கியர் எழுதியது:

தீரவில்லை. சொல்லப்போனால் ரோடு டிராக்கின் பொற்காலமே அதன் பிறகுதான் வந்தது. அப்புறம் அதைக் கெடுத்ததும் நடந்தது. என் வயிற்றெரிச்சலை இங்கே கொட்டிக்கொள்கிறேன்.

1971 ரேஸை எப்படியாவது பாருங்கள். சிக்கேன் (கார்களின் வேகத்தைக் குறைக்கப் போடும் இறுக்கமான நெளிவு) என்ற பேச்சே இல்லாத கடைசி வருடம். நேர் ரோடு, பெரிய வளைவு, நேர் ரோடு, அவ்வளவுதான். தனியாக முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும், பின்னால் வருகிறவன் அவன் நிழலில் இலவசமாக வந்து கடைசியில் முந்துவான். அதனால் யாருக்கும் முன்னால் போக விருப்பமில்லை, ஒரு சுற்றுக்குள் முதலிடம் நாலு பேரிடம் கைமாறும். கடைசியில் பீட்டர் கெத்தின் ஜெயித்தது 0.01 வினாடியில். முதல் ஐந்து கார்களும் 0.61 வினாடிக்குள். கெத்தின் எஃப்1-ல் ஜெயித்த ஒரே ரேஸ் அதுதான். சராசரி 242 கிமீ, அந்தச் சாதனை 2003-ல் ஷூமாக்கர் வரும் வரை நின்றது. 71-க்கு அடுத்த வருடமே சிக்கேன் போட்டுவிட்டார்கள். 1976-ல் இன்னும் கூட்டினார்கள். இப்போது பாருங்கள், 340-ல் வந்து சைக்கிள் வேகத்துக்குப் பிரேக் பிடித்து வலது, இடது, மறுபடி ஓட்டம். அது மோன்ஸாவா?

---

பழைய பேப்பர் எழுதியது:

நாலாவது கியர் தம்பி, 71 பிரமாதம்தான். ஆனால் அதற்கு முந்தின வருடம் அதே டிராக்கில் ஜோஹன் ரிண்ட் பாரபோலிகாவுக்குப் பிரேக் பிடிக்கும்போது செத்துப்போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? செத்த பிறகு அந்த வருட சாம்பியன் பட்டம் அவருக்கு வந்தது. சிக்கேன் போட்டவர்கள் ரசனை கெட்டவர்கள் அல்ல.

இன்னொரு விஷயம், வேறு டிராக்காக இருந்தால் சிக்கேன் போடாமல் ஓரத்தை அகலமாக்கி மண் நிரப்பியிருப்பார்கள். இங்கே ஓரம் முழுக்க மரம். 1922-ல் மரத்துக்காக வேலை நின்றது என்று சொன்னேனே, 1994-லும் அதே சண்டை. எஃப்1 சாம்பியன் செனா ரேஸில் இறந்த வருடம், எல்லா டிராக்கிலும் பாதுகாப்பு வேலை. லெஸ்மோ வளைவில் ஓரத்தை அகலமாக்க மரம் வெட்ட வேண்டும் என்றதும் ஊரே கொதித்தது, ரேஸ் நடக்குமா என்றே சந்தேகமாகிவிட்டது. கடைசியில் இரண்டாவது லெஸ்மோவை இறுக்கமாக்கி வேகத்தைக் குறைத்துச் சமாளித்தார்கள். மோன்ஸாவில் எதை மாற்றினாலும் மரத்திடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

---

நாலாவது கியர் எழுதியது:

ரிண்ட் விஷயம் ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் சிக்கேன் மட்டும் சாதுவா? 1978-ல் ரேஸ் தொடங்கும்போது பின்வரிசைக் கார்கள் நிற்பதற்கு முன்பே பச்சை விளக்கு போட்டுவிட்டார்கள். மொத்தக் கூட்டமும் அகலமான ரோட்டிலிருந்து புனல் மாதிரி முதல் சிக்கேனுக்குக் குறுகும் இடத்தில் மோதிக்கொண்டது. ரோனி பீட்டர்சன் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். 2000-ல் முதல் சுற்றிலேயே இரண்டாவது சிக்கேன் பக்கம் நடந்த மோதலில் பறந்த சக்கரம் பட்டு ஒரு மார்ஷல் (டிராக் ஓரத்துப் பாதுகாப்புப் பணியாளர்) இறந்தார். வேகத்தைக் குறைத்தால் கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, குறைக்காவிட்டால் மரத்தில் மோதுகின்றன.

ஊர்சுற்றி கேட்டதற்குப் பதில்: ஆமாம், இன்னும் அதுதான் வேகமானது. இப்போது நீளம் 5.793 கிமீ, 53 சுற்று. 2025-ல் வெர்ஸ்டாப்பன் தகுதிச் சுற்றில் சராசரி 264 கிமீ-க்கு மேல் போனார். ரேஸில் சராசரி 250-ஐத் தாண்டினார், ஷூமாக்கரின் 2003 சாதனை அதோடு போனது. இத்தனை சிக்கேனையும் வைத்துக்கொண்டு! 71-ல் அந்த வேகம் ஓட்டுநரின் கையில் இருந்தது, இன்று காரில் இருக்கிறது என்பது என் கட்சி.

---

மதுக்கரை மைனர் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 2005-ல் நம்ம கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டன் காரில் மோன்ஸாவில் ஓடினார் என்பதால் அந்த வருட ரேஸை ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துப் பார்த்தவன் நான். டிவியில் அவரைக் காட்டியது எல்லோரும் முந்திப்போகும்போது மட்டும்தான். அப்போது அந்தப் பாலத்துக்கு மேலே இவ்வளவு கதை இருப்பது தெரியாது.

அது சரி, ஏன் இடிக்கவில்லை என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே?

---

சோம்பேறி மெக்கானிக் எழுதியது:

இடிப்பது லேசான வேலை இல்லை மைனர். கம்பி கட்டிய கான்கிரீட், தூண்மேல் நிற்கிறது, சுற்றிலும் பாதுகாக்கப்பட்ட மரங்கள், இடம் மோன்ஸா, மிலான் நகராட்சிகளுக்குச் சொந்தமான பூங்கா. லாரி போக வழி வெட்டினாலே சண்டை வரும். இடித்துவிட்டு மரம் நடலாம் என்ற பேச்சும் வந்தது, ரேஸ் ரசிகர்கள் விடவில்லை. பல வருடம் செடி முளைத்துக் கிடந்ததைப் பிறகு ஓரளவு பழுதுபார்த்தார்கள். வருடா வருடம் நடந்த கார் ராலியில் அதில் கார் ஓடியிருக்கிறது. 2020-ல் கொரோனாவால் அட்டவணை குலைந்து உலக ராலி சாம்பியன்ஷிப்பின் கடைசிப் போட்டியே மோன்ஸாவுக்கு வந்தபோது அந்தச் சரிவிலும் ஓட்டினார்கள், மழையில், நடுவில் தடுப்பு வைத்து. பிரெஞ்சு ஓட்டுநர் ஓஜியே ஜெயித்துப் பட்டமும் வாங்கினார்.

---

ஊர்சுற்றி எழுதியது:

வர்ற சனிக்கிழமை மறுபடி போகிறேன், இந்தத் தடவை பின்பக்கம் போய்த் தூணைப் பார்க்கவேண்டும். ஆபீஸ் நண்பரையும் கூட்டிப் போகிறேன். 1961 விபத்து பாரபோலிகாவில் என்று சொன்னேன், நம்பவில்லை, அவர் அப்பா சொன்னதாம். இரண்டு இடத்திலும் கொண்டுபோய் நிறுத்தித்தான் பேச வேண்டும். வேறு எதையாவது பார்க்காமல் வந்துவிடக்கூடாது என்றால் சொல்லுங்கள்.

---

பழைய பேப்பர் எழுதியது:

அஸ்காரி சிக்கேன் பக்கம் போங்கள். 1955 மே மாதம் மொனாக்கோவில் காரோடு கடலில் விழுந்து நீந்தி வந்த ரேஸ் ஓட்டுநர் ஆல்பெர்ட்டோ அஸ்காரி, நாலே நாள் கழித்து மோன்ஸாவுக்குச் சும்மா வேடிக்கை பார்க்க வந்தார். நண்பர் காஸ்டெலோட்டியின் ஃபெராரியை இரண்டு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று, தன் ராசியான நீல ஹெல்மெட்கூட இல்லாமல், இரவல் ஹெல்மெட்டில் போனவர் அந்த இடத்தில்தான் விபத்தில் செத்தார். பேர் அப்படித்தான் வந்தது. அங்கிருந்து டிராக்கை ஒட்டியே நேராக நடந்தால் பாரபோலிகா. இப்போது போர்டில் ஆல்பொரெட்டோ வளைவு என்று எழுதியிருக்கும், 2021-ல் பேர் மாற்றினார்கள், இடம் அதேதான். உங்கள் நண்பரை அங்கே நிறுத்துங்கள். நல்ல ஷூ போட்டுக்கொண்டு போங்கள், சரிவில் ஏறினால் இறங்குவதுதான் கஷ்டம்.